பரபரப்பு வாக்குமூலம்

தமிழ்ச் செய்தித்தாள்கள் தமக்கென்று உருவாக்கிக்கொண்ட உரைநடை வடிவங்கள் சில உண்டு. அவற்றுள் மிகப் பரவலாக வாசிக்கப்படுவது எதுவென்று கேட்டால், ‘போலீசில் பரபரப்பு வாக்குமூலம்’ என்னும் வடிவத்தைத்தான் நாங்கள் சொல்வோம். இலக்கிய விமர்சகர் எவரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் கூர்ந்து வாசித்தால் அதற்கென்று ஓர் இலக்கணம் இருப்பது புலப்படும். அது எப்போதும் தன்மை ஒருமையில் அமைந்திருக்கும். பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில் என்று தொடங்கும். நிகழ்ச்சிகள் காலவரிசை பிசகாமல் வரும். காரணம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்படும். ‘ஆத்திரம் அடைந்த நான்’, ‘அந்தப் பணத்தை உல்லாசமாகச் செலவு செய்தேன்’ என்பன போன்ற தொடர்கள் தவறாமல் இடம்பெறும். பேசுபவர் தயங்குவதில்லை, சொன்னதையே திரும்பச் சொல்வதில்லை, ‘எனக்கு நினைவில்லை’ என்பதில்லை. உயிருள்ள மனிதர் எவரும் அப்படிப் பேசுவதில்லை என்பது, கதை எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இவ்வடிவத்தின் மிகப் பெரிய முரண் அதன் மொழியில் இல்லை. ஊரே தேநீர்க் கடையில் உரக்கப் படிக்கும் அந்தப் பிரதியை, அந்த வழக்கை விசாரிக்கும் நீதிபதி மட்டும் சாட்சியமாகக் கொள்ளலாகாது. இந்தியச் சாட்சியச் சட்டம் 1872இலேயே அப்படித்தான் விதித்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் அந்த விதியை மாற்றவில்லை. காவல்துறை அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம், அளித்தவருக்கு எதிரான சான்று ஆகாது. பழைய சட்டத்தின் 25ஆம் பிரிவு; புதிய சட்டத்தில் 23.

இந்த முரணைப் பற்றி எங்களுக்குள் பல ஆண்டுகளாகப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் என்று சொன்னது தவளக்குப்பத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வசிக்கும் ஆறேழு வாசகர்களை. மாதம் ஒருமுறை கூடி ஏதாவதொரு நூலைப் பற்றிப் பேசுவது வழக்கம். எங்களில் மூத்தவர் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் நாவலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவர் வழக்கைப் பற்றிப் பேசி முடிப்பார். இக்கட்டுரையில் சட்டம் சார்ந்து வருவனவற்றுள் பெரும்பகுதி அவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டது.

எங்கள் ஊரின் நிலவியலையும் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றையும் கடந்தால் தவளக்குப்பம். மேற்கே அபிஷேகப்பாக்கம் வரை புதுச்சேரி; அதையடுத்த சிங்கிரிகுடி தமிழ்நாடு. தெற்கே முள்ளோடையில் மதுக்கடைகளின் நெரிசலே எல்லை முடிவதைச் சொல்லிவிடும். சிவப்புத் தொப்பிக் காவலர்களின் அதிகாரம் எங்கே முடிகிறது, காக்கித் தொப்பிக் காவலர்களின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். எல்லை ஓரத்தில் வாழ்பவர்களுக்குக் காவல் நிலையம் என்பது எப்போதும் பன்மை.

*

காவல்துறையிடம் சொன்னதை நம்பலாகாது என்று ஒரு சட்டம் சொல்வதே விந்தையானது. தன் ஊழியரையே நம்பாத அரசு ஒன்றை வேறு எங்கே காண முடியும்? அந்த அவநம்பிக்கை பிறந்த இடங்களுள் ஒன்று நம்முடைய தமிழ்நிலம் என்பதைப் பலர் அறியார்.

சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதைகளைப் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததையொட்டி ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அதில் இருந்தனர். 1855இல் அவர்கள் அறிக்கை அளித்தனர். வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் குடிகள் வதைக்கப்படுவது உண்மையே என்று அவ்வறிக்கை கூறிற்று. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த ஆவணத்தில் இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே புகுந்துகொண்டன. ஒன்று கிட்டி: இரண்டு கழிகளுக்கு இடையே கையையோ விரல்களையோ வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: தலையைத் தாழ்த்தி வளைத்துக் காலோடு சேர்த்துக் கட்டி நிறுத்திவைப்பது. இவற்றுக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காததால் தமிழே பயன்பட்டது. நம் மொழி உலகுக்கு அளித்த சொற்களைப் பெருமையோடு பட்டியலிடுகிறோம். இவ்விரண்டையும் அப்பட்டியலில் எவரும் சேர்ப்பதில்லை.

1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் காவல்துறை வாக்குமூலத்துக்குத் தடை வந்தது. 1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் சாட்சியச் சட்டத்தை வகுத்தபோது அத்தடையை அதனுள் கொண்டுவந்து வைத்தார். வெயிலில் அலைந்து தடயம் தேடுவதைக் காட்டிலும், நிழலில் இருந்தபடி அகப்பட்டவன் கண்ணில் மிளகாய் இடுவது எளிதென்று அதிகாரி ஒருவர் தம்மிடம் கூறியதை அவர் பிற்பாடு பதிவு செய்திருக்கிறார். விதியின் காரணம் முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. கொடுமையைக் காட்டிலும் சோம்பலைத்தான் அவர் அஞ்சினார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

தடை எவ்வளவு கடுமையானது என்பதற்கு 1965இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அக்னூ நகேசியா வழக்கைச் சிரஸ்தார் ஐயா அடிக்கடி எடுத்துக்காட்டுவார். கொலை செய்ததாகக் கூறப்பட்டவரே நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் கொடுத்தார். அதுவே முதல் தகவல் அறிக்கையாகப் பதிவாயிற்று. அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆயினும் அது காவல்துறை அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் என்பதால், அதன் எந்தப் பகுதியும் ஒப்புதலாகச் செல்லாது என்றது நீதிமன்றம். பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டுமே மிஞ்சியது. அது போதாமல் அவர் விடுதலையானார். ‘அரிவாளுடன் காவல் நிலையத்தில் சரண்’ என்று நாம் படிக்கும் செய்திகளின் மறுபக்கம் இது.

மாஜிஸ்திரேட் முன் அளிக்கும் வாக்குமூலம் வேறு. அங்கே, சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும், சொன்னால் அது தமக்கு எதிராகப் பயன்படும் என்பதையும் முதலில் எச்சரிக்க வேண்டும். சொல்ல விரும்பவில்லை என்று மறுத்தவரைக் காவல்துறையின் கையில் மீண்டும் ஒப்படைக்கலாகாது. இந்தக் கடைசி விதியை எழுதியவர் மனித மனத்தை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும்.

*

எங்களை இந்தப் பொருளில் ஆழமாக இறங்கச் செய்தது ஏட்டுச்சட்டம் மட்டுமில்லை. எங்கள் தெருவில் வண்ணம் பூசும் வேலை பார்த்த இளைஞன் ஒருவன் இருந்தான். எட்டாவது வரை படித்தவன். 2009ஆம் ஆண்டு, எல்லைக்கு அப்பாலுள்ள காவல் நிலையம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் அவனை அழைத்துச் சென்றார்கள். வண்டியில் வந்த எவனோ ஒரு பெண்மணியின் கழுத்திலிருந்து மூன்று சவரன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போன வழக்கு. இரண்டு இரவுகள் கழித்து அவன் சிறைக்குச் சென்ற செய்தி, வாக்குமூலத்தோடு செய்தித்தாளில் வந்தது. கடன் தொல்லையால் சங்கிலியைப் பறித்தான்; அடகு வைக்க அஞ்சி, வீட்டின் பின்புறம் புதரடியில் ஒளித்து வைத்தான்; முன்னரும் இப்படிப் பறித்த பணத்தை உல்லாசமாகச் செலவு செய்தான்.

பிணையில் வந்த பிறகு அவன் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, “உல்லாசம்னா இன்னாண்ணே?” என்பதுதான்.

அவனுடைய பெயரால் எழுதப்பட்ட அந்த ‘நான்’, அவனுக்கே விளங்காத சொல்லொன்றைப் பேசியிருந்தது. அவன் சொன்னது எளிமையானது. “இன்னா எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டல. நீட்டுன எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். போட்டா அடி நிக்கும்னு நெனச்சேன்.” அவன் வேறு எதையும் விவரிக்கவில்லை. நாங்களும் வற்புறுத்திக் கேட்கவில்லை. நடக்கும்போது இடது பாதத்தை அவன் ஊன்றாமல் வைத்ததைப் பார்த்தோம்.

அவனுக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணின் வீட்டார் அந்தச் செய்தித் துண்டை வெட்டி எடுத்து வந்து, அவன் தாயாரின் முன் வைத்துவிட்டுப் பேச்சை முறித்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் செல்லாத அந்தக் காகிதம், கூடத்தில் செல்லுபடியானது. வழக்கு ஆறு ஆண்டுகள் நடந்தது. வாய்தாவுக்கு வாய்தா வேலையை விட்டுவிட்டு அவன் பேருந்து ஏறினான். எங்களில் ஒருவர் இருவர் அவ்வப்போது துணைக்குச் சென்றதுண்டு.

2015இல் வந்த தீர்ப்பின் நகலை நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். ஒரு சிறுகதையை வாசிப்பதைப் போலத்தான் வாசித்தோம் என்று சொன்னால் தவறாகாது. வாக்குமூலத்தில் ‘ஏற்கத்தக்க பகுதி’ என்று ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அரசுத் தரப்புச் சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருந்தது. என்னை அழைத்துச் சென்றால் சங்கிலியை மறைத்து வைத்துள்ள இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன் என்பது அவ்வாக்கியம். தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் வழக்குகளில் இந்த வாக்கியம் எழுத்து மாறாமல் இடம்பெற்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மகஜரில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர், தாம் காவல் நிலையத்தில் வைத்தே கையெழுத்திட்டதாகக் கூண்டில் கூறினார். மற்றவர் அதே நிலையத்தின் வேறு வழக்குகளிலும் சாட்சியாக இருந்தவர் என்பது குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டது.

எல்லாவற்றையும் விட எங்களை நிறுத்தி வைத்தது, சங்கிலியைப் பறிகொடுத்த பெண்மணியின் சாட்சியம். சான்றுப் பொருளாக முன்னால் வைக்கப்பட்ட சங்கிலியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எடை ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் கொக்கி தம்முடையதன்று என்று அவர் கூறியிருக்கிறார். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மூன்று சவரன் அவர் வீட்டுக்கு வந்திருக்கும். அவரை நாங்கள் பார்த்ததில்லை. அவருடைய சங்கிலி அவருக்குக் கிடைத்ததா என்பதும் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தால் இளைஞன் ஒருவன் வீடு திரும்பினான்.

விடுதலைச் செய்தி எந்தத் தாளிலும் வரவில்லை.

*

‘ஏற்கத்தக்க பகுதி’ என்று மேலே கூறியது பழைய சட்டத்தின் 27ஆம் பிரிவு. காவல்துறையிடம் சொன்னது செல்லாது என்னும் பெருங்கதவில் வைக்கப்பட்ட சிறு திட்டிவாசல் அது. காவலில் உள்ளவர் சொன்ன தகவலால் ஒரு பொருளோ உண்மையோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புடைய அளவுக்கு மட்டும் அத்தகவல் சான்றாகும். புதிய சட்டம் அதனை 23ஆம் பிரிவிலேயே ஒரு காப்புரையாகச் சேர்த்துவிட்டது.

இதன் எல்லையை வரைந்த தீர்ப்பும் சென்னை மாகாணத்திலிருந்து, குண்டூர்ப் பகுதி வழக்கொன்றிலிருந்து, இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனதுதான். புலுக்குரி கோட்டையா வழக்கு என்று 1947ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது காணப்படும். கத்தியை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்லி, கத்தியும் கிடைத்தால், அங்கே கத்தி இருப்பது அவருக்குத் தெரியும் என்பது நிரூபணமாகிறது. ‘இதனால்தான் குத்தினேன்’ என்று அவர் சேர்த்துச் சொன்னது, கத்தி கிடைத்ததால் நிரூபணமாகிவிடாது. இலக்கணத்தில் தொடரைப் பகுத்துக் காட்டுவது போல, ஒரே வாக்கியத்தில் செல்லும் சொல்லையும் செல்லாச் சொல்லையும் பிரிக்கிறது தீர்ப்பு.

ஆனால் அந்தச் சிறு வாசலுக்கும் ஒரு விலை உண்டு. ஒப்புதல் செல்லாது, கண்டெடுத்த பொருள் செல்லும் என்றால், எப்படியாவது பொருளைக் கண்டெடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி பிறக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், காணாமற்போன நகை குறித்த விசாரணையில் கோயில் காவலாளி ஒருவர் காவலர்களால் தாக்கப்பட்டு இறந்தார். அவரிடம் அவர்கள் கேட்டது, நகை எங்கே என்பதைத்தான்.

கையில் இருக்கும் பொருளே குற்றத்தைச் சொல்லிவிடும் என்னும் நம்பிக்கை நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனிடம் எவரும் வாக்குமூலம் கேட்கவில்லை. அவன் கையில் சிலம்பு இருந்தது. பொற்கொல்லன் சொல் இருந்தது. அவை போதுமானவையாகப் பட்டன. பாண்டியனின் அவையில் கண்ணகி செய்தது, இன்றைய மொழியில் சொன்னால், சான்றுப் பொருளின் மீதான குறுக்கு விசாரணை. வெளித்தோற்றத்தில் ஒன்றாயிருந்த இரு சிலம்புகளும் உடைத்துப் பார்த்தபோது வேறாயின. ஒன்றினுள் முத்து, மற்றொன்றினுள் மாணிக்கம். அந்தப் பெண்மணி பார்த்த கொக்கியும் அத்தகையதே. பொருள் தானாகப் பேசுவதில்லை. அதைத் திறந்து பார்க்கும் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும்.

*

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பொருளில் தனிக்கவனம் உண்டாக மற்றொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த நூற்றாண்டில் மிகுதியாகப் பேசப்பட்ட கொலை வழக்குகளுள் ஒன்று, கடலூர் சாலையில் நாங்கள் நாள்தோறும் கடந்துபோகும் நீதிமன்றத்தில்தான் முடிந்தது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பர் 3 அன்று கோயில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு நவம்பர் 11 அன்று காஞ்சி மடாதிபதி ஜெயேந்திர சரஸ்வதி கைதானார். அந்த வாரங்களில் தமிழ்ச் செய்தித்தாள்கள் வாக்குமூலங்களால் நிரம்பி வழிந்ததை நண்பர்கள் நினைவுகூரலாம். யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது நாள்தோறும் தொடர்கதையாக வந்தது.

2005 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் மடாதிபதிக்குப் பிணை வழங்கியது. உடன் குற்றஞ்சாட்டப்பட்டோர் கொடுத்துப் பின்னர் மறுத்துவிட்ட வாக்குமூலங்களை அது ஆராய்ந்தது. சதி முடிந்து, கைதான பின் ஒருவர் சொன்னது, சதியின் போக்கில் சொன்னதாகாது. உடன் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாக்குமூலம் வேறு சான்றுக்கு ஊன்றுகோலாகலாமேயன்றி, தானே நிற்கும் தூணாகாது என்னும் பழைய நெறியை அது மீண்டும் நினைவூட்டிற்று. தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடைபெறாதென்ற அச்சத்துக்கு இடமுண்டு என்று கருதி, 2005 அக்டோபர் 26 அன்று வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது.

2013 நவம்பர் 27 அன்று தீர்ப்பு வந்தது. விசாரிக்கப்பட்ட சாட்சிகள் 189 பேர். அவர்களில் பிறழ் சாட்சியானவர்கள் 83 பேர். குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியிருந்தவரும் பின்வாங்கினார். எஞ்சியிருந்த 23 பேரும் விடுதலையாயினர். நீதிமன்றம் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று சொல்லிவிட்ட பின், அதற்கு மேல் ஐயம் எழுப்ப எங்களுக்கு உரிமையுமில்லை, நோக்கமுமில்லை. நாங்கள் எண்ணுவது வேறொன்றை. கோயில் அலுவலகத்தில் ஒரு மனிதர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றவர் யார் என்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் குடும்பத்துக்கு விடை இல்லை.

இதைப் பேசும்போது எங்களுக்குள் ஒருமுறை கடும் வாதம் மூண்டது. ஆசிரியராகப் பணியாற்றும் நண்பர் ஒருவர் எழுந்து, “வாக்குமூலம் செல்லாது, சாட்சி பிறழ்ந்தார் என்று எல்லோரையும் விட்டுக்கொண்டே போனால் செத்தவருக்கு யார் பதில் சொல்வது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மனித உரிமை பேசுவோர் பலர் இக்கேள்வியைக் கேளாதவர் போல் கடந்துவிடுகிறார்கள். சிரஸ்தார் ஐயா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்ன விடையைத்தான் இக்கட்டுரையின் மையமாக நாங்கள் கருதுகிறோம். “வாக்குமூலம் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள், ஐயா. வேறெதையும் தேடுவதில்லை. நீதிமன்றத்தில் அது விழும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை.”

அதாவது, 25ஆம் பிரிவு குற்றவாளிக்கு அளித்த சலுகை என்று எண்ணுவது பிழை. வெயிலில் போய்த் தேடு என்று அது காவல்துறைக்குச் சொல்கிறது. தேடியிருந்தால் சங்கிலி பறித்தவன் அகப்பட்டிருப்பான்; அந்தப் பெண்மணிக்கு விடை கிடைத்திருக்கும். விதியால் மிகுந்த பயன் பெறக்கூடியவர் பறிகொடுத்தவரே.

*

விதியைத் தளர்த்திப் பார்த்த காலமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் தடா சட்டம், கண்காணிப்பாளர் நிலையிலுள்ள காவல் அதிகாரி பதியும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. உச்ச நீதிமன்றம் 1994இல் அதை அரசியலமைப்புக்கு உகந்தது என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு அவ்வழியே நடந்தது. 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடா சட்டப்படியான குற்றம் நிரூபணமாகவில்லை என்றே கூறிற்று. ஆயினும் அச்சட்டத்தின்படி பதிவான வாக்குமூலங்கள் மற்றக் குற்றங்களுக்குச் செல்லும் என்றது. பத்தொன்பது பேர் அவ்வழக்கின் பெருங்குற்றங்களிலிருந்து விடுபட்டனர். நால்வரின் மரண தண்டனை உறுதியாயிற்று.

அந்நால்வருள் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி வி. தியாகராசன், 2013இல் வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்குப் பயன்படப் போகிறது என்பது தமக்குத் தெரியாதென்று பேரறிவாளன் சொன்னார். அதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக அவர் கூறினார். எழுதப்படாத ஒரு வாக்கியம். மரண தண்டனை 2014இல் ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்திருந்தன. ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதும் எந்தப் பிரதியிலும், விடுபட்டது எது என்று கேட்பதே முதல் வாசிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை இன்னும் துயரமானது. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் காவல்துறை வாக்குமூலத்தை ஏற்றதோடு, அது கட்டாயத்தால் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையையும் கைதியின் தலையில் ஏற்றியது. சிங்கராசா என்னும் தமிழரின் வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அவருக்கு அம்மொழி தெரியாது. பெருவிரல் ரேகை பதித்தார். ஐம்பது ஆண்டுச் சிறை, மேல்முறையீட்டில் முப்பத்தைந்து. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அது நியாயமான விசாரணை ஆகாதென்றது. உல்லாசம் என்றால் என்னவென்று கேட்டவனுக்கு ஒரு சொல்தான் விளங்கவில்லை. இவருக்கு முழுப் பிரதியுமே விளங்காத மொழியில் இருந்தது.

ஜப்பானில் இவாவோ ஹகமாடா 1966இல் கைதாகி, ஏறத்தாழ இருபது நாள் விசாரணைக்குப் பின் ஒப்புக்கொண்டார். அவருடைய 45 வாக்குமூலங்களில் 44ஐ நீதிமன்றம் தள்ளியது. எஞ்சிய ஒன்றை ஏற்று மரண தண்டனை விதித்தது. 2024 செப்டம்பர் 26 அன்று மறுவிசாரணையில் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. அப்போது அவருக்கு வயது 88.

புதுச்சேரியைத் தன் சட்டத்தால் ஆண்ட பிரான்ஸின் மரபு வேறு. அங்கே வாக்குமூலத்தின் மதிப்பு நீதிபதியின் உள்ளார்ந்த நம்பிக்கைக்கு விடப்பட்டது. 2011இல் அவர்களும் தங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். வழக்கறிஞரின் துணையின்றி ஒருவர் சொன்னதை மட்டுமே கொண்டு அவரைத் தண்டிக்கலாகாது என்று எழுதிக்கொண்டார்கள். இந்தியாவில் விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்க முடியாது. அந்த இரண்டு இரவுகளில் எங்கள் தெரு இளைஞனுக்கு அருகில் ஒரு வழக்கறிஞர் அமர்ந்திருந்தால் என்ற எண்ணம் எங்களை விட்டு அகலவில்லை.

நம்பிக்கை தரும் செய்திகள் இல்லாமலில்லை. 2020 அக்டோபரில், தமிழ்நாட்டைச் சேர்ந்த தூஃபான் சிங் வழக்கில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் அளிக்கும் ஒப்புதலும் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று, எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் ஒலிப்பதிவோடு பொருத்தப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்திருந்தார்கள். அந்த நிலையத்திலும் கேமரா இருந்தது. பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டறிந்தார்.

சட்டத்தில் செய்யவேண்டியவற்றைச் சட்டம் அறிந்தோர் சொல்வார்கள். வாசகர்களாகிய நாம் செய்யக்கூடியவை இரண்டென்று எங்களுக்குப் படுகிறது. முதலாவது, அடுத்த முறை ‘பரபரப்பு வாக்குமூலம்’ கண்ணில் படும்போது, அதிலுள்ள ‘நான்’ யாருடைய கையெழுத்தில் எழுதப்பட்டது என்று ஒருகணம் கேட்டுக்கொள்வது. எழுத்தாளர் யார், கதைசொல்லி யார் என்று நாவல்களில் பிரித்துப் பார்க்கப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கம் இங்கே ஒருவரின் மானத்தைக் காக்கக்கூடும்.

இரண்டாவது, செய்தித்தாள்களிடம் கேட்பது. கைதானபோது நான்கு பத்திகளில் வாக்குமூலத்தை வெளியிட்டவர்கள், விடுதலையானபோது அதே பக்கத்தில் நான்கு வரிகளாவது வெளியிட வேண்டும். எங்கள் தெரு இளைஞனின் தாயார் தீர்ப்பின் நகலை நெகிழி உறையில் இட்டு, குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார். பெண் பார்க்க வருபவர்களிடம் அதை எடுத்துக் காட்டுவாராம். பதினான்கு பக்கம். இதுவரை எவரும் முழுதாகப் படித்ததில்லை என்றார்.